ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் ஒரு காதல் நாவல்: நாயகி என்ன செய்துகொண்டிருப்பாள்?

தாழம்பூ:

வணக்கம். இங்கிலாந்தில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த ஆங்கிலேய உள்நாட்டுப் போரைப் பின்னணியாக வைத்து ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி வந்துவிட்டது, அதற்கு மேல் நகரவில்லை. இந்தக் காலத்தை ஆழமாகப் படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று தெரியும், அதனால் கேட்கிறேன்.

கதை இதுதான். நாயகிக்குப் பத்தொன்பது வயது. அப்பா நிலம் நீச்சு உள்ளவர், முதலாம் சார்லஸ் அரசரின் பக்கம். 1642 ஆகஸ்டில் அரசர் நாட்டிங்ஹாமில் கொடியேற்றியதும் குதிரைகளையும் பணத்தையும் இரண்டு மகன்களையும் அனுப்பி வைக்கிறார். மூத்தவன் அக்டோபரில் எட்ஜ்ஹில் சண்டையில் இறந்துபோகிறான். அடுத்த வருடம் நாடாளுமன்றக் கட்சி வீட்டையும் நிலத்தையும் ஜப்தி செய்ய, மிச்சக் குடும்பம் ஆக்ஸ்போர்டுக்குப் போகிறது. அரசரின் தலைநகரம் அப்போது அதுதானே.

நாயகன் பக்கத்துப் பண்ணையின் இளைய மகன். சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் பழக்கம். அவன் நாடாளுமன்றக் குதிரைப்படையில் சேர்கிறான். 1644 கோடையில் அபிங்டன் ஊர் நாடாளுமன்றத்தின் கைக்கு வந்தபோது அவனுடைய பிரிவும் அங்கே வந்து தங்குகிறது. ஆக்ஸ்போர்டிலிருந்து அபிங்டனுக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டுமே தேம்ஸ் கரையில் இருக்கும் ஊர்கள். ஒரே ஆறு இரண்டு பேருடைய வாசலையும் தொட்டுக்கொண்டு போகிறது, நடுவில் இரண்டு படைகள்.

இங்கேதான் சிக்கல். நாயகனுக்கு வேலை இருக்கிறது: சண்டை, பாசறை, காவல், காயம். அவன் வரும் அத்தியாயங்கள் தானாக ஓடுகின்றன. நாயகி வரும் அத்தியாயங்களில் அவள் ஜன்னலோரம் நிற்கிறாள், அழுகிறாள், காத்திருக்கிறாள். எழுதும் எனக்கே சலிப்பாக இருக்கிறது. அந்தப் போர்க்காலத்தில் அவளைப் போன்ற ஒரு பெண் உண்மையில் என்ன செய்துகொண்டிருப்பாள்? எதிர்ப் படையில் இருப்பவனுக்குக் கடிதம் எழுத முடியுமா? அப்படியே போர் முடிந்தாலும் அவளுடைய அப்பா இந்தச் சம்பந்தத்துக்கு ஒத்துக்கொள்வாரா?

நம் வாசகர்களில் பலருக்கு, நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல்லின் பெயர் பள்ளிப் பாடத்தோடு முடிந்துபோன ஒன்று. அதனால்தான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முதல்முறையாக இந்தப் போருக்குள் நுழைகிறவருக்கு நான் தப்பான கதவைத் திறந்துவிடக் கூடாது.

ஆற்றங்கரை:

நல்ல களம் எடுத்திருக்கிறீர்கள். நான் இந்தப் போரின் ராணுவப் பக்கத்தை மட்டும் படித்தவன், அதனால் அங்கிருந்து சில சொல்கிறேன்.

1645க்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒழுங்கான சீருடை கிடையாது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் அதன் தலைவர் வாங்கிக் கொடுத்த துணியின் நிறம். நீலச் சட்டை இரண்டு பக்கமும் இருக்கும், சிவப்பும் இருக்கும். யார் நம் ஆள் என்று தெரிந்துகொள்ள இடுப்பிலோ தோளிலோ ஒரு பட்டைத் துணி கட்டுவார்கள். எசெக்ஸ் பிரபுவின் நாடாளுமன்றப் படைக்கு ஆரஞ்சு, அரசர் படைக்குச் சிவப்பு. துணியை மாற்றிக் கட்டினால் ஆளே மாறிவிடுவான். எட்ஜ்ஹில்லில் அரசரின் கொடி எதிரியிடம் போனபோது, ஜான் ஸ்மித் என்ற அரசர் கட்சி வீரர் ஆரஞ்சுத் துணியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே புகுந்து அதை மீட்டு வந்தார் என்று சொல்வார்கள். 1644 ஜூலை 2, மார்ஸ்டன் மூர் சண்டையில் நாடாளுமன்றத் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் தனியாக எதிரிகளின் நடுவே மாட்டிக்கொண்டார். தொப்பியில் அடையாளத்துக்குச் செருகியிருந்த வெள்ளைத் துணியை உருவி எறிந்துவிட்டு, அரசர் படையின் ஊடாகவே குதிரையை நடத்தித் தன் ஆட்களிடம் வந்து சேர்ந்தார். உங்கள் நாயகன் ஆக்ஸ்போர்டுக்குள் நுழைய வேண்டும் என்றால் வழி இதிலேயே இருக்கிறது. தைரியமும் ஒரு முழத் துணியும் போதும். அன்றைய கடவுச்சொல் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தேதி. அவர்களுக்கு வருடம் பிறப்பது மார்ச் 25. அரசரின் தலை வெட்டப்பட்டது நம் கணக்கில் 1649 ஜனவரி 30, அந்தக் கால ஆவணங்களில் அதே நாள் 1648 என்று இருக்கும். பழைய கடிதத்தை ஆதாரமாக எடுக்கும்போது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரண்டு தடவை பாருங்கள். அப்புறம், யாருக்கும் காபி கொடுத்துவிடாதீர்கள். லண்டனில் முதல் காபிக் கடை வந்ததே 1652இல்தான். உங்கள் ஆட்கள் காலையிலேயே லேசான பீர் குடிப்பார்கள், குழந்தைகள் உட்பட.

கடிதப்பெட்டி:

தாழம்பூ, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தப் போர்க்காலத்துப் பெண்கள் எழுதிய கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இவை மிக நெருக்கமானவை. அதனால் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் நாயகியை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். இந்தப் போரில் ஜன்னலுக்கு உள்ளே நின்றது பல நேரம் ஆண்கள். வெளியே தெருவில் நின்றவர்கள் பெண்கள்.

ஆன் ஃபான்ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாயகி மாதிரியேதான்: அப்பா அரசர் கட்சி, சொத்து போயிற்று, 1643இல் ஆக்ஸ்போர்டுக்கு வந்தாள். நல்ல வீட்டில் வளர்ந்தவள் ஒரு ரொட்டிக்காரரின் வீட்டு மச்சில், மோசமான படுக்கையில் படுத்தாள். போட்டுக்கொள்ளக் கையில் எடுத்து வந்த துணி மட்டும்தான். ஜன்னல் வழியே பார்த்தால் போரின் அவலம், நோய், கொள்ளைச் சாவு என்று அவளே எழுதியிருக்கிறாள். அந்த வருடம் ஆக்ஸ்போர்டில் பாசறைக் காய்ச்சல் பரவியது. ஊர் முழுக்கச் சிப்பாய்கள், பிரபுக்கள், குதிரைகள். கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் அரசர், மெர்ட்டன் கல்லூரியில் அரசி, கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி நாணயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நெரிசலுக்கு நடுவே 1644 மே மாதம், பக்கத்திலிருக்கும் வுல்வர்கோட் கிராமத்துக் கோயிலில் அவளுக்கும் ரிச்சர்ட் ஃபான்ஷாவுக்கும் கல்யாணம். உங்கள் நாயகன் அபிங்டனுக்கு வந்து இறங்கும் அதே பருவம், கவனியுங்கள்.

அவளுடைய பெரிய காட்சி இது இல்லை. 1651 செப்டம்பரில் வூஸ்டர் சண்டையில் அரசர் கட்சி கடைசியாகத் தோற்றது. ரிச்சர்ட் பிடிபட்டு லண்டனில் வைட்ஹாலில் அடைக்கப்பட்டான். ஆன் தங்கியிருந்தது சான்சரி லேனில். தினமும் விடிகாலை நாலு மணிக்கு, கையில் ஒரு மூடு விளக்கோடு, தன்னந்தனியாக நடந்து அவன் இருந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே வந்து மெதுவாகக் கூப்பிடுவாள். முதல் குரலுக்கே அவன் தலையை வெளியே நீட்டுவான். இருவரும் பேசுவார்கள். சில நாள் மழை கழுத்து வழியே இறங்கிக் குதிகால் வழியே ஓடும் அளவுக்கு நனைந்திருக்கிறாள். பேச்சில் கொஞ்சுவது மட்டும் இல்லை. யாரைப் பார்க்க வேண்டும், எந்த மனுவை எப்படி எழுத வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுப்பான். பகலில் அவள் அதைச் செய்வாள். சிறையில் அவனுக்கு உடல் மோசமானபோது மருத்துவரின் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய் கிராம்வெல்லிடமே பேசி அவனை ஜாமீனில் வெளியே கொண்டுவந்தாள். இதைவிடப் பெரிய காதல் காட்சியைக் கற்பனையில் உருவாக்க எனக்குத் தெரியாது. அந்தக் காதலின் உடம்பே அலைச்சல்தான்.

இதிலிருந்து உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதிரெதிர்க் கட்சிக் காதலர்களுக்குப் பெரிய தடை போர்க்களம் இல்லை, சொத்து. நாடாளுமன்றத்துக்கு எதிராக நின்றவர்களின் நிலத்தை 1643இலிருந்து ஜப்தி செய்தார்கள். குத்தகைப் பணம் கமிட்டிக்குப் போகும். அதை மீட்க வேண்டுமென்றால் லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் உட்கார்ந்திருந்த கமிட்டியிடம் போய் சொத்துக் கணக்கை ஒப்படைத்து, அபராதம் கட்டி, இனி ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்கள் போனால் அவமானம், சில பேருக்கு ஆபத்தும்கூட. அதனால் மனைவிகள் போனார்கள், மகள்கள் போனார்கள். ஜப்தியான சொத்தின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை மனைவி மக்களின் பிழைப்புக்குக் கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. அந்த ஐந்தில் ஒரு பங்குக்காக எத்தனையோ பெண்கள் கமிட்டி வாசலில் நின்றார்கள். சட்டம் படித்தார்கள், யார் மனைவிக்கு யார் உறவு என்று நூல் பிடித்துப் போனார்கள்.

மேரி வெர்னியின் கதை தெரியுமா? பக்கிங்ஹாம்ஷயரில் கிளேடன் வீட்டு மருமகள். மாமனார் எட்மண்ட் வெர்னி அரசரின் கொடியைத் தாங்கியவர். அரசர் செய்வது சரி என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும் முப்பது வருடம் அவர் சோற்றைத் தின்றேன், இப்போது கைவிட மாட்டேன் என்று செஞ்சோற்றுக் கடனுக்காகப் போய் எட்ஜ்ஹில்லில் இறந்தார். மகன் ரால்ஃப் நாடாளுமன்ற உறுப்பினர், நாடாளுமன்றத்தின் பக்கமே நின்றவர். ஆனால் 1643இல் எல்லாரும் ஏற்க வேண்டும் என்று கொண்டுவந்த மத உடன்படிக்கைக்கு மனசாட்சி ஒப்பாமல், மனைவியோடு பிரான்சுக்குப் போய்விட்டார். அப்பா அரசருக்காக உயிர்விட்ட வீட்டில், மகன் நாடாளுமன்றத்தோடு நின்றும் சொத்து ஜப்தியாயிற்று. 1646 கடைசியில் மேரி மட்டும் கர்ப்பிணியாகத் திரும்பி வந்து லண்டனில் தங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். அந்தக் காலத்தில் இங்கே அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை இறந்தது. அங்கே பிரான்சில் கணவனிடம் விட்டு வந்த மகளும் இறந்தாள். இருவரும் வாரம் தவறாமல் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன. அதில் வாடகைக் கணக்கும் அழுகையும் ஒரே பத்தியில் வரும். 1648 ஜனவரியில் ஜப்தியை நீக்க வைத்துவிட்டாள். இரண்டு வருடம் கழித்து பிரான்சிலேயே இறந்துபோனாள். ரால்ஃப் அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இப்போது உங்கள் காதலர்களுக்கு மிக நெருக்கமானவர்கள்: டோரதி ஆஸ்போர்னும் வில்லியம் டெம்பிளும். அவளுடைய அப்பா குவெர்ன்சி தீவில் காஸில் கார்னெட் கோட்டையை அரசருக்காகப் பிடித்து வைத்திருந்தவர். அவனுடைய அப்பா நாடாளுமன்ற உறுப்பினர். 1648இல் வைட் தீவில் சந்தித்தார்கள், அரசர் அதே தீவில் கைதியாக இருந்த சமயம். டோரதியின் அண்ணன் விடுதி ஜன்னலில், கைதிக்குக் காவலாக இருந்த ஆளுநரைத் தாக்கி பைபிள் வாசகம் ஒன்றைக் கிறுக்கிவிட்டான். எல்லாரையும் பிடித்துப் போனார்கள். நான்தான் எழுதினேன் என்று டோரதி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். பெண் என்பதால் விட்டுவிட்டார்கள். அந்த இடத்திலேயே டெம்பிள் விழுந்துவிட்டான் என்று அவன் தங்கை பின்னால் எழுதுகிறாள்.

இதற்குப் பிறகு கல்யாணம் கூடி வர ஆறு வருடம் ஆயிற்று. இரண்டு குடும்பங்களும் மறுத்தன. கட்சி ஒரு காரணம், பணம் அதைவிடப் பெரிய காரணம். போரில் ஆஸ்போர்ன் குடும்பம் நொடித்துப்போயிருந்தது. பணக்கார மாப்பிள்ளை வந்தால்தான் வீடு நிமிரும். டெம்பிளின் அப்பாவும் மகனுக்குச் சீர் கொண்டுவரும் பெண்ணைத் தேடினார். பெட்ஃபர்ட்ஷயரில் சிக்ஸாண்ட்ஸ் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைக் கவனித்துக்கொண்டே டோரதி வந்த வரன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். அதில் ஒருவன் கிராம்வெல்லின் மகன் ஹென்றி! அரசர் கட்சி வீட்டுப் பெண்ணைக் கிராம்வெல் மகன் பெண் கேட்டிருக்கிறான். கட்சிக் கோடு நாம் நினைப்பது போல இரும்புவேலி இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

1654இல் அப்பா இறந்தார். கல்யாணம் கூடி வந்த நேரத்தில் அவளுக்கு அம்மை போட்டது. பிழைத்தாள், முகத்தழகு போயிற்று. அந்த வருடம் டிசம்பர் 25 கல்யாணம் நடந்தது. அவள் அவனுக்கு எழுதிய கடிதங்களில் எழுபதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. அவனுடைய பதில்கள் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டன. ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும் காதல் அது, படிக்கப் படிக்க இன்னொரு குரலும் காதில் விழ ஆரம்பிக்கும்.

இவர்களைக் காப்பி அடிக்கச் சொல்லவில்லை. உங்கள் நாயகிக்கு ஒரு வழக்கு கொடுங்கள். அப்பாவின் நிலத்தை மீட்கும் பொறுப்பு அவள் கைக்கு வரட்டும். அதற்கு உதவக்கூடிய எதிர்க்கட்சி ஆள் அவளுடைய காதலன் ஒருவன்தான் என்று ஆகட்டும். அவனிடம் உதவி கேட்டால் அன்பு பேரமாகிவிடுமோ என்ற பயம் அவளைத் தின்னட்டும். உங்கள் பின்பாதி அங்கே இருக்கிறது.

தாழம்பூ:

கடிதப்பெட்டி அக்கா, இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூங்கவே இல்லை. (அக்கா என்று கூப்பிடலாம் அல்லவா?) வழக்கு அவள் கைக்கு வருவது என்ற யோசனை கதையையே திருப்பிப் போடுகிறது. ஆற்றங்கரை, தொப்பித் துணிக்கு நன்றி, அதை நிச்சயம் எடுத்துக்கொள்வேன்.

இரண்டு விஷயம் இன்னும் வேண்டும். 1644, 1645இல் ஆக்ஸ்போர்டுக்கும் அபிங்டனுக்கும் நடுவில் கடிதம் எப்படிப் போகும், பிடிபட்டால் என்ன ஆகும்? கல்யாணம் எந்த முறைப்படி நடக்கும்? என் மனதில் கோயில், மோதிரம், பாதிரியார் என்று ஒரு படம் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல்:

கடிதம் பற்றி நான் சொல்கிறேன்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரசரே உதாரணம். 1645 ஜூன் 14 நேஸ்பி சண்டையில் சார்லஸின் கடிதப் பெட்டி எதிரியிடம் சிக்கியது. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்களும் அதில் இருந்தன. நாடாளுமன்றம் அவற்றை அச்சடித்து ஊர் முழுக்க விற்றது. அரசியல் ரகசியங்களை வெளிக்கொண்டுவருவது நோக்கம், ஆனால் கணவன் மனைவிக்கு எழுதியது கடைத்தெருவில் வாசிக்கப்பட்டது. அந்தக் கோடையில் கடிதம் எழுதிய ஒவ்வொருவர் மனதிலும் இது இருந்திருக்கும். உங்கள் நாயகி அந்த அச்சுப் பிரதியைப் பார்க்கும் ஒரு காட்சி வையுங்கள். அரசர் கட்சிப் பெண் என்ற கோபம் ஒரு பக்கம், தன் கடிதங்கள் அபிங்டனில் யார் கையில் இருக்கின்றனவோ என்ற நடுக்கம் ஒரு பக்கம்.

மறைவாக எழுதும் வழிகள் நிறைய. ஹெரஃபோர்ட்ஷயரில் பிராம்ப்டன் பிரையன் கோட்டையில் இருந்த பிரில்லியானா ஹார்லி நாடாளுமன்றக் கட்சி. சுற்றிலும் அரசர் கட்சிக்காரர்கள், கணவர் லண்டனில். 1643இல் மகனுக்கு எழுதும்போது, துளைகள் வெட்டிய ஒரு காகிதத்தை கடிதத்தின் மேல் குறியிட்ட இடத்தில் பொருத்தினால்தான் உண்மையான செய்தி தெரியும்படி அனுப்பினாள். மற்றவர்களுக்கு அது அர்த்தமில்லாத வீட்டுப் பேச்சு. அதே வருடம் ஜூலை கடைசியில் அரசர் படை கோட்டையைச் சூழ்ந்தது. ஏழு வாரம் தாங்கினாள். முற்றுகை விலகியது, அக்டோபரில் நோயில் இறந்தாள். சங்கேத எண்களில் எழுதுவதும் சாதாரணம். எடுத்துப் போனவர்கள் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்கள்: சலவைக்காரிகள், சந்தைக்குப் போகிற பெண்கள், வண்டிக்காரர்கள். ஆக்ஸ்போர்டு பெரிய ஊர், அதற்கு வெண்ணெயும் கோழியும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். காவல் வீரன் கூடையைக் கிளறுவான், உள்ளங்கியைக் கிளற மாட்டான். பிடிபட்ட பெண்களும் உண்டு, அதனால் அதைப் பிக்னிக் போலக் காட்டாதீர்கள்.

ஆன் முர்ரேயின் கதையும் உங்களுக்கு உதவும். 1648 ஏப்ரலில், நாடாளுமன்றக் காவலில் இருந்த அரசரின் இரண்டாவது மகன் ஜேம்ஸை, பதினான்கு வயதுப் பையனை, பெண் வேடத்தில் தப்பவைத்தது அவளும் கர்னல் பாம்ஃபீல்டும். அவள்தான் தையற்காரரிடம் அளவு கொடுத்து உடை தைக்கச் சொன்னாள். இந்த உயரத்துக்கு இவ்வளவு பெரிய இடுப்புள்ள பெண்ணை நான் பார்த்ததே இல்லை என்று அவர் வியந்தாராம். பையன் அரண்மனையில் தினமும் ஒளிந்து விளையாடி, அவனைக் காணாமல் தேடுவது காவலாளிகளுக்குப் பழகிப்போகும்படி செய்துவிட்டு நழுவினான். பெரிய சாகசம். ஆனால் அந்த பாம்ஃபீல்ட் தன் மனைவி இறந்துவிட்டாள் என்று ஆன் முர்ரேயிடம் சொல்லிக் கல்யாணம் பேசியவன், மனைவி உயிரோடுதான் இருந்தாள். அரசருக்கு விசுவாசமாக இருப்பவன் பெண்ணுக்கு விசுவாசமாக இருப்பான் என்பதில்லை. உங்கள் நாவலில் நாயகிக்கு அப்பா பார்க்கும் மாப்பிள்ளைக்கு இந்த நிழல் பொருந்தும்.

கல்யாண முறை பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

பனங்காடு:

கல்யாணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஆட்சேபம்.

ஏன் எல்லாக் கண்ணீரும் அரசர் கட்சி மாளிகையிலேயே வடிகிறது? இந்தப் போரைப் பற்றி வரும் காதல் கதைகளில் பெரும்பாலும் பட்டு உடை, சுருள்முடி, இடிந்த மாளிகை. எதிர்ப்பக்கத்துப் பெண்ணைக் கறுப்பு உடை போட்ட சிரிக்காத ஜடமாக வைத்துவிடுவார்கள். எலிசபெத் லில்பர்னைப் பாருங்கள். கணவன் ஜான் லில்பர்ன் 1642 நவம்பரில் பிரென்ட்ஃபோர்டில் பிடிபட்டு ஆக்ஸ்போர்டில் ராஜத்துரோக வழக்கில் தூக்குக்குக் காத்திருந்தான். கர்ப்பிணியான அவள் நாடாளுமன்றத்தில் போராடி, அவனைத் தூக்கிலிட்டால் உங்கள் கைதிகளுக்கும் அதே கதிதான் என்ற கடிதத்தை வாங்கி, தானே எதிரி எல்லையைத் தாண்டி ஆக்ஸ்போர்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் பிழைத்தான். 1649இல் அதே நாடாளுமன்றம் அவனை அடைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் மனுவோடு வந்து நின்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள் என்று விரட்டினார்கள். மறுபடி மனு எழுதினார்கள். தாழம்பூ, உங்கள் நாயகனுக்கு ஒரு தங்கை இருந்தால் அவளை இந்தக் கூட்டத்தில் நிறுத்துங்கள். நாயகிக்கு இணையாக ஒரு பெண் எதிர்ப்பக்கத்திலும் மனிதராக இருக்கட்டும்.

நேஸ்பியையும் மறைக்காதீர்கள். வெற்றிக்குப் பிறகு நாடாளுமன்ற வீரர்கள் அரசர் படையோடு வந்த பெண்களில் நூறு பேரையாவது கொன்றார்கள், இன்னும் பலரின் முகத்தைக் கீறினார்கள். வேல்ஸ் மொழி பேசியவர்களை அயர்லாந்துக்காரிகள் என்று நினைத்துச் செய்தார்கள் என்று சொல்கிறார்கள். உங்கள் நாயகன் அன்று அந்தக் களத்தில் இருந்திருப்பான் என்றால், அவன் என்ன செய்தான், எதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பது கதைக்குள் வந்தே ஆக வேண்டும். நாயகி ஒருநாள் அதைக் கேட்பாள். அதற்கு அவன் சொல்லும் பதிலைத் தாங்கும் காதல்தான் எனக்கு வேண்டும்.

சரி, கல்யாணம். எந்த வருடம் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். 1645க்கு முன்னால் என்றால் பழைய வழிபாட்டு நூலின்படி, மோதிரத்தோடு. 1645இல் அந்த நூலையே தடை செய்தார்கள், புதிய முறையில் மோதிரம் இல்லை. ஆனால் வேலையிழந்த பழைய பாதிரியார்கள் வீட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு பழைய முறையில் நடத்திவைத்தார்கள். 1653 செப்டம்பர் கடைசியிலிருந்து கதையே வேறு: கோயில் கல்யாணம் சட்டப்படி செல்லாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அல்லது மூன்று சந்தை நாள் சந்தைத் திடலில் பெயர்களை உரக்க அறிவிக்க வேண்டும், பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் கைபிடித்துச் சொல்ல வேண்டும். இருபத்தொரு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். சந்தைத் திடலில், கோழி விற்கிறவர்களுக்கு நடுவே, அரசர் கட்சி அப்பாவின் பெயரோடு மகளின் பெயரைக் கூவுவதை நினைத்துப் பாருங்கள்! அந்த அவமானத்துக்காகவே அவர் மறுப்பார். அப்புறம் பலர் இரண்டு தடவை செய்துகொண்டார்கள், சட்டத்துக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று. 1660இல் அரசாட்சி திரும்பியதும் அந்த மாஜிஸ்திரேட் கல்யாணங்கள் செல்லும் என்று தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது.

தாழம்பூ:

பனங்காடு ஐயா, நேஸ்பி பற்றி நீங்கள் சொன்னது மனதை அறுக்கிறது. தங்கையைச் சேர்க்கிறேன். நாயகன் நேஸ்பியில் இருக்கிறான் என்று முதல் பாகத்திலேயே எழுதிவிட்டேன், அதனால் அந்தக் கேள்வியிலிருந்து அவன் தப்ப முடியாது.

அக்கா, கடைசியாக ஒன்று. ஆக்ஸ்போர்டு 1646 ஜூனில் சரணடைகிறது. அங்கிருந்து கல்யாணம் வரை காலத்தை எப்படிப் பிரிப்பது?

கடிதப்பெட்டி:

தாராளமாக அக்கா என்றே கூப்பிடுங்கள்.

பனங்காடு ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் மாறுபடுகிறேன். மாளிகையை விடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த மாளிகைகளில்தான் கடிதங்கள் மிஞ்சின. ஏழைப் பெண்களின் காதல் எழுத்தில் மிஞ்சவில்லை. அதனாலேயே நாவலில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்பதில் அவரோடு நிற்கிறேன். உங்கள் நாயகியோடு ஆக்ஸ்போர்டு மச்சில் படுத்திருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் ஒரு மனசு இருக்கட்டும். கடிதத்தைச் சுமந்து போவது அவள்தானே, கூடை கிளறப்படும்போது உயிர் போவதும் அவளுக்குத்தான்.

காலம் பற்றி. 1646 ஜூன் 24 ஆக்ஸ்போர்டு சரணடைந்தபோது கிடைத்த நிபந்தனைகள் தாராளமானவை. உள்ளே இருந்தவர்கள் சொத்தை மீட்க இரண்டு வருட வருமானத்துக்கு மேல் அபராதம் கட்ட வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்குள் போய்க் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு இதைவிட அதிகம். உங்கள் கதைக்கு இது தங்கம். அந்த ஆறு மாதம் உங்கள் கடிகாரம். அப்பா வீம்பில் போக மறுக்கிறார், நாள் கழிகிறது, மகள் தனியாக லண்டனுக்குக் கிளம்புகிறாள். கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் நில வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் பின்னால் யாராவது காட்டிக்கொடுத்துவிடலாம், காட்டிக்கொடுத்தவருக்கு அதில் பங்கும் உண்டு. பக்கத்துப் பண்ணைக்கு உங்கள் நிலத்தின் உண்மையான வருமானம் தெரியும். அந்தப் பக்கத்துப் பண்ணை நாயகனின் வீடு.

1647இல் சம்பள பாக்கிக்காகப் படை கொதித்தது. அக்டோபர் கடைசியில் பட்னி ஊர்க் கோயிலில் உட்கார்ந்து, சாதாரண சிப்பாய்களின் பிரதிநிதிகளும் தளபதிகளும் யாருக்கு ஓட்டு வேண்டும் என்று வாதாடினார்கள். நாயகன் அங்கே இருக்கட்டும், எதற்காகச் சண்டை போட்டோம் என்று அவன் அங்கேதான் முதல் தடவை யோசிப்பான். 1648இல் இரண்டாம் போர். நாயகியின் மிச்சமிருக்கும் அண்ணன் அந்தக் கோடையில் கோல்செஸ்டர் முற்றுகைக்குள் மாட்டட்டும். பதினொரு வாரம், குதிரைக்கறியும் பூனைக்கறியும் தின்றார்கள். வெளியே முற்றுகை போடும் படையில் நாயகன். 1649 ஜனவரிக்குப் பிறகு அவளுடைய அப்பா அவனை வாசலில் ஏற்றமாட்டார், அது நிச்சயம்.

நான் என்றால் கல்யாணத்தை 1650இல் வைப்பேன். அரசர் போய்விட்டார், 1653 சட்டம் இன்னும் வரவில்லை. பழைய பாதிரியார், மூடிய கதவு, மோதிரம் எல்லாம் உங்களுக்குக் கிடைக்கும். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது ஆகியிருக்கும். அந்த ஊரில் சாதாரணப் பெண்கள் இருபத்தைந்தை ஒட்டித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள், அதனால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். சந்தைத் திடல் அறிவிப்பு வேண்டும் என்றால் 1654க்குத் தள்ளுங்கள், ஆனால் அப்பா அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.

கோல்ட்ஸ்மித்ஸ் ஹால் அத்தியாயத்தை எழுதியதும் இங்கே போடுங்கள். மனுவின் வாசகம் எப்படி இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.